ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஆம்ப் மெக்கானிக்: பேஸ் ஸ்பீக்கர் இரைச்சலுக்கு நம்பிப் போகலாம்

பேஸ் கிட்டார் ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) தேவையில்லாத சத்தம் வந்தால் சென்னையில் யாரிடம் கொண்டுபோவது என்று கூட வாசிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். மவுண்ட் ரோட்டில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் போ என்றுதான் எல்லோரும் கை காட்டுவார்கள். போனால் அங்கே பாதிக் கடை மொபைல், மீதி லேப்டாப், சிசிடிவி கேமரா. ஆடியோ கடைகளும் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் உதிரிபாகம் விற்பவை. சத்தத்தைக் காதால் கேட்டு, அது எந்த இடத்தில் பிறக்கிறது என்று தேடிப் பிடிக்கும் ஆள் குறைவு. அப்படி ஒருவரிடம் என் ஆம்பைக் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தன் பெயரையும் கடைப் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "இருக்குற வேலையே முடிய மாட்டேங்குது மா" என்றார். அதனால் இங்கே அவர் அண்ணன் மட்டும்தான். கடை ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில். பழைய ஸ்பீக்கர் உதிரிபாகம் விற்கும் கடைகளில் "கோன் போடுறவர்" என்று கேட்டால் வழி சொல்வார்கள்; கோன் என்பது ஸ்பீக்கரில் ஆடும் தாள் கூம்பு.

என் செட்டைச் சொல்லிவிடுகிறேன். 15 இன்ச் ஸ்பீக்கர், மேலே கீச்சு ஒலிக்கு ஒரு சின்ன ஹார்ன், உள்ளே டிரான்சிஸ்டர் ஆம்ப், எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய காம்போ. கிட்டார் ஜாஸ் பேஸ் வகை, நாலு கம்பி. நடுவில் ஒரு கம்ப்ரெஸர் பெடலும் ஒரு டியூனரும். ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் சர்ச் ஆராதனை, மற்ற நாட்களில் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. வந்த சத்தம் மூன்று விதம். சும்மா நிற்கும்போதே "ம்ம்ம்" என்று ஒரு ஹம். கூடவே "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது: ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கட்டை), ஆறாவது ஃப்ரெட் பக்கம் வாசித்தால் மட்டும் "கர்ர்ர்" என்று ஒரு கிழிசல் ஒலி. மற்ற இடத்தில் இல்லை.

முதலில் வேறொரு கடைக்குத்தான் போனேன். ஆன் செய்தார்கள், ஒரு கம்பியை நான் அடித்தேன், "ஸ்பீக்கர் போச்சுங்க, புதுசு போட்டுடுங்க" என்று 7,500 ரூபாய் சொன்னார்கள். பெட்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் போனதென்றால் ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த மாதிரி பதிலைக் கேட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

அண்ணனுக்கு முதலில் போன் செய்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "ஏம்மா, ஆம்ப மட்டும் கொண்டாந்தா நான் என்னத்தப் பாக்குறது? கிட்டார், வயர், பெடல், அடாப்டர், நீ ஸ்டேஜ்ல சொருகுற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும் எடுத்துட்டு வா. சாயங்காலம் வா. பகல்ல இந்தத் தெருவுல ஒண்ணும் காதுல விழாது." உண்மைதான். ஷட்டர்கள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவர் காதுக்கு வேலை ஆரம்பிக்கிறது.

போனதும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சும்மா இருக்கும்போது வர்றதா, வாசிச்சா வர்றதா?" இந்த ஒரு கேள்வியில் என் மூன்று சத்தங்களும் இரண்டாகப் பிரிந்தன. சும்மா இருக்கும்போது வருவது மின்சாரத்தின் வேலை: கரண்ட், எர்த், கேபிள், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), ஆம்பின் உள்பகுதி. வாசித்தால் மட்டும் வருவது பெரும்பாலும் எதுவோ அசைவதால், உரசுவதால். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் புது ஸ்பீக்கர் வாங்கிய பிறகும் ஹம் அப்படியே இருக்கும்.

ஹம்மை எடுத்துக்கொண்டார். எதையும் சொருகாமல், எல்லாக் குமிழையும் பூஜ்யத்தில் வைத்து ஆம்பைத் தன் சுவர் பிளக்கில் ஆன் செய்தார். அமைதி. "அப்ப பவர் சப்ளை நல்லாருக்கு" என்றார். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் ஹம் வந்தால் சந்தேகம் முதலில் ஃபில்டர் கண்டென்ஸர் மேல்தானாம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் அதை இரண்டு மடங்காக்கி 100 ஹெர்ட்ஸ் அலையாகத் தரும். அதைச் சமன்செய்ய வேண்டிய கண்டென்ஸர் காய்ந்துபோனால் அந்த 100 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். எர்த் கோளாறிலும் கேபிள் கோளாறிலும் 50 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும்.

இதை மீட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி காட்டினார். எனக்கு இந்த ஒன்றுக்கே அவரிடம் போனது தகும். பேஸில் திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 49 ஹெர்ட்ஸ். ஹம் அடித்துக்கொண்டிருக்கும்போது நன்றாக ட்யூன் செய்த ஜி-யை மெதுவாக வாசித்துப் பிடியுங்கள். இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று மோதி "வ்வா வ்வா" என்று அலை அலையாகக் கேட்கும். மேல் ஜி-யோடு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அலை வந்தால் 100 ஹெர்ட்ஸ். கீழ் ஜி-யோடு நொடிக்கு ஒன்று என்றால் 50. கச்சேரியில் ஜி-யில் வரும் பாட்டுகள் மட்டும் ஏன் கலங்கலாகக் கேட்டன என்பதும் அன்றுதான் விளங்கியது.

என்னுடையது கீழ் ஜி-யோடுதான் மோதியது. அடுத்து கேபிள். அவரிடம் இரண்டு முனையும் உள்ளே ஷார்ட் செய்த ஒரு ஜாக் இருக்கிறது. அதை இன்புட்டில் சொருகினால் ஆம்ப் மௌனம். அதை எடுத்துவிட்டு என் கேபிளைச் சொருகி, மறுமுனையில் கிட்டாரை மாட்டியதும் ஹம் வந்தது. அவர் கேபிளைப் போட்டால் பெருமளவு குறைந்தது. என் கேபிளின் ஜாக் மூடியைத் திருகித் திறந்து காட்டினார்: நடு வயரைச் சுற்றிப் பின்னியிருக்கும் ஷீல்டு வயரின் பற்றவைப்பு விட்டு, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் திரியும் கரண்ட் ஹம்மைத் தடுக்க வேண்டிய வேலி அந்தப் பின்னல்தான். பிளாஸ்டிக் மூடி போட்ட ஜாக்கை எடுத்து எறிந்துவிட்டு உலோக ஜாக் போட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார்.

இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கிட்டாரில் ஒரு பிக்கப்பின் வால்யூமை இறக்கினால் ஹம் ஏறுகிறது, இரண்டையும் முழுக்க வைத்தால் இறங்குகிறது. இதைக் கோளாறு என்று சொல்லி பிக்கப் மாற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். கோளாறே இல்லை. ஜாஸ் பேஸ் வகையில் இரண்டும் ஒற்றைச் சுருள், அதாவது ஒற்றைக் காயில் பிக்கப்புகள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். இரண்டும் சம அளவில் திறந்திருந்தால் ஹம் ஒன்றையொன்று அழித்துவிடும். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் இருந்தது ஒற்றைக் காயில்தான். 1957-ல் அதை இரண்டாக உடைத்து எதிரெதிராகச் சுற்றிய பிறகு அந்த கிட்டார் ஹம் இல்லாமல் ஆனது. ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கம்ப்ரெஸர் பெடலில் மெல்லிய "ஈஈஈ" ஒன்று இருந்தது. அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரி போட்டார், போய்விட்டது. மலிவான ஸ்விட்ச்சிங் அடாப்டர் ஒன்றிலிருந்து பல பெடலுக்குக் கிளை எடுத்தால் இப்படித்தானாம். இரண்டு பெடலுக்கும் பேட்டரியே போடச் சொன்னார். தன்னிடமிருந்த அடாப்டரை என் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

அடுத்துதான் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இது என்னுடையதில்லை, கச்சேரிகளில் எங்கள் குழுவோடு சுற்றும் ஒன்று. ஆம்பை அதன் வழியாக ஆன் செய்ததும் ஹம் பெருகியது. கம்பியில் விரல் வைத்தால் குறைந்தது, எடுத்தால் ஏறியது. அண்ணன் டெஸ்டரை எடுத்துக் கிட்டாரின் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாலத்தில் வைத்தார். நியான் மங்கலாக எரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது. பாக்ஸைத் திறந்தார். வெளியே மூன்று பின் பிளக், மூன்று துளை சாக்கெட், எல்லாம் சரி. உள்ளே ஓடியது இரண்டு கோர் வயர். எர்த் பின் எங்கேயும் இணையாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கல்யாண மண்டபங்களில் ஹம் வந்தால் "எர்த் பின்ன எடுத்துடு, சரியாயிடும்" என்று சொல்லும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில நேரம் சத்தம் குறையவும் செய்யும், ஏனென்றால் ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி அதில்தான் ஹம் ஓடுகிறது. ஆனால் அந்தப் பின்னை எடுத்த பிறகு ஆம்புக்குள் ஏதாவது ஒரு வயர் உடலைத் தொட்டால், கரண்டுக்குப் பூமி வரை இருக்கும் வழி உங்கள் கை, மைக், உங்கள் உதடு. 1972-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தது எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான். வளையத்தை உடைக்க வேண்டுமென்றால் கிட்டாரையோ ஆம்பையோ மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும். ஆம்பின் பாதுகாப்பு எர்த்தைத் தொடாது. ஆம்ப், பெடல், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து எடுத்தாலும் வளையம் பெரும்பாலும் வராது. அண்ணன் யார் கேட்டாலும் எர்த் பின்னைக் கழற்றித் தர மாட்டார். "அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றார். பாக்ஸுக்கு மூன்று கோர் வயர் போட்டுக் கட்டிக் கொடுத்தார். டெஸ்டர் எரியவில்லை. ஹம் அத்தோடு முடிந்தது.

"ஸ்ஸ்ஸ்" இரைச்சலில் பெரிய மர்மம் இல்லை. ஹார்ன் இருக்கிற கேபினெட்டில் ப்ரீஆம்பின் மெல்லிய இரைச்சல் எல்லாம் அந்த ஹார்ன் வழியாகத்தான் முகத்தில் அடிக்கும். ஹார்னின் அளவைக் குறைக்கப் பின்னால் ஒரு குமிழ் உண்டு, இறக்கினால் போதும். இன்புட் கெயினை அடியில் வைத்து மாஸ்டரை உச்சத்துக்கு ஏற்றுவதைவிட, கெயினைச் சரியான அளவுக்கு ஏற்றி மாஸ்டரை இறக்கினால் அமைதி கூடும். குமிழ் திருப்பும்போது வந்த கரகரப்புக்கு கிளீனர் ஸ்ப்ரே அடித்தார். பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருக்கிறதே, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. நம் கடற்கரை ஊர்க் காற்றில் அதன் உள் தொடுமுனை கறுத்து, ஒலி திடீரென்று அமுங்கிப்போகும். ஒரு சின்ன கேபிளால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். ஒலி திரும்பினால் குற்றவாளி அதுதான்.

கடைசியாக அந்த "கர்ர்ர்". போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை வைத்து, 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனார். 58 ஹெர்ட்ஸ் வந்ததும் கிழிசல் கிளம்பியது. ஈ கம்பியின் ஆறாவது ஃப்ரெட் அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்திலேயே ஒலியை நிறுத்திவைத்துக்கொண்டு, உள்ளங்கையால் பெட்டியை ஒவ்வொரு இடமாக அழுத்தினார்: முன் வலை, பக்கக் கைப்பிடி, பின் பலகை, மூலை இரும்பு. கைப்பிடியை அழுத்தியபோது கொஞ்சம் குறைந்தது. அதன் திருகுகள் தளர்ந்திருந்தன. இறுக்கினார். ஆனால் முழுக்கப் போகவில்லை.

ஸ்பீக்கர் வயரைக் கழற்றித் தன் கேபினெட் ஒன்றோடு இணைத்தார். சத்தம் இல்லை, ஆக ஆம்ப் நிரபராதி. இதற்கு அவர் பயன்படுத்தியது தடிமனான ஸ்பீக்கர் வயர். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்கு மாட்டக் கூடாது: அதன் மெல்லிய நடு வயர் சூடாகும், ஆம்பையே கெடுக்கும். இப்படிக் கழற்றிக் கழற்றி மாட்டுவதை வால்வ் ஆம்பில் ஆன் செய்தபடி செய்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்றும் எச்சரித்தார்.

ஸ்பீக்கரை வெளியே எடுத்தார். மல்டிமீட்டரில் 6 ஓம் சொச்சம் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் அப்படித்தான் காட்டும், காயில் அறுந்திருந்தால் எண்ணே வராது. இரண்டு கை விரல்களையும் சமமாகப் பரப்பி கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விட்டார். என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று போய் வந்தது. கோனை ஆட்டும் சுருளான வாய்ஸ் காயில் காந்த இடுக்கில் உரசினால் விரல் நுனியிலேயே மணல் அரைப்பது தெரியுமாம். கோன் ஓரம் கிழிசல் இல்லை, டஸ்ட் கேப் பசை விடவில்லை.

பிறகு ஸ்பீக்கரைக் குப்புறப் போட்டு, காந்தப் பக்கமிருந்து டார்ச் அடித்து, மறுபடி 58 ஹெர்ட்ஸ் கொடுத்தார். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் வயர்களில் ஒன்று வளைந்து, கோன் ஆடும்போதெல்லாம் அதன் முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மற்ற சுரங்களில் கோனின் ஆட்டத்தோடு அது தப்பித்துக்கொள்கிறது. 58-ல் அந்த வயரும் சேர்ந்து துள்ளுகிறது. அவ்வளவுதான். புது ஸ்பீக்கர் போடச் சொன்ன சத்தத்தின் வேர் அந்த ஒரு வயர். பழைய வயரின் இழைகளும் நொந்திருந்ததால் இரண்டையும் மாற்றினார், நீளத்தைச் சரியாக விட்டு, பற்றவைத்து, பசை ஒரு இரவு காய விட்டார்.

மொத்தச் செலவு 1,900 ரூபாய்: கேபிள் ஜாக், பின்னல் வயர், மூன்று கோர் வயர், கூலி எல்லாம் சேர்த்து. கழற்றியதை எல்லாம் ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நேர்மைக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

குறைகளும் உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பு. நாள் சொல்ல மாட்டார். சபா சீசனிலும் முகூர்த்த மாதங்களிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் 18 இன்ச் ஸ்பீக்கர்கள் மலைபோல் குவிந்துவிடும், நம்முடையது பின்னால் போய்விடும். பில் கிடையாது, வாரன்ட்டி அவர் வாய் வார்த்தைதான். அதனால் கம்பெனி வாரன்ட்டி இருக்கிற ஆம்பை இங்கே திறக்க விடாதீர்கள். எடை குறைந்த கிளாஸ் டி ஹெட்களின் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) பொடிப்பொடி போர்டு வேலையை அவர் எடுப்பதில்லை, சர்வீஸ் சென்டருக்கே போகச் சொல்லிவிடுவார். கோன் மாற்ற வேண்டிவந்தால் அவர் போடும் கிட் எல்லா மாடலுக்கும் அசல் கிட் இல்லை. தாளின் கனம் மாறினால் ஒலியும் மாறும். இதை அவரே முன்கூட்டிச் சொல்கிறார், ஆனாலும் பழைய ஒலி அப்படியே வேண்டும் என்பவர்கள் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்கள் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். ஓட்டை வைத்த சின்னப் பெட்டி அவ்வளவு கீழே போகாது. பெட்டி ட்யூன் செய்யப்பட்ட அளவுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இல்லாமல் கோன் தாறுமாறாக ஆடும். "பட்பட்" என்று வரும் அந்தச் சத்தத்துக்கு ரிப்பேர் தீர்வில்லை. மிகக் கீழான ஒலியை வெட்டும் லோ கட் போட்டு வாசிப்பதோ பெரிய கேபினெட்டோதான் வழி. இதைச் சொல்லி ஒரு பையனைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பியதை அங்கே உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். அந்தச் சந்துக்குள் ஆட்டோ வராது. மாடிப்படி குறுகல், திருப்பமும் உண்டு, 15 இன்ச் காம்போ என்றால் தூக்க இன்னொரு ஆளைக் கூட்டிப் போங்கள். போகிற நாளில் மறக்காமல் கிட்டார், கேபிள், பெடல், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பை மட்டும் கொண்டுபோனால் படியேறிய பிறகு திரும்ப அனுப்பிவிடுவார்.